மென்பொருட் பொறியியலிற் காண்டல் அளவை

ஒரு கூற்று மெய்யோ பொய்யோ எனத் துணிதற்குரிய கருவியை நம் தருக்க நூலார் அளவை என வழங்கினர். அளவைகளின் தொகையைப் பலர் பலவாறு கூறினும், காண்டல், கருதல், உரை என்னும் மூன்றினுள் ஏனையவற்றை அடக்கிக்கொள்வது சைவ சித்தாந்த நூல்களின் வழக்கு. நேரே கண்டறிவது காண்டல். அறிந்ததைக் கொண்டு அறியாததை உய்த்துணர்வது கருதல். அறிந்தார் கூற்றை ஏற்றுக்கொள்வது உரை. ஒரு துறை இளமைப் பருவத்தில் இருக்குங்கால் அங்கே உரை மேலோங்கி நிற்பதும், துறை முதிர முதிரக் காண்டல் தலையெடுப்பதும் அறிவியல் வரலாற்றிற் பலகாலும் காணப்படுவன. மருத்துவம் அவ்வாறு மாறிற்று. வேளாண்மையும் அவ்வாறே மாறிற்று. கணினிக்கு வேண்டிய மென்பொருளை ஆக்கும் முறைகளை ஆராயும் மென்பொருட் பொறியியல் இன்று அம்மாற்றத்தின் நடுவழியில் நிற்கின்றது. அது எங்ஙனம் நிகழ்கின்றது என்பதையும், நம் மாணவர் அதனை ஏன் அறிதல் வேண்டும் என்பதையும் இக்கட்டுரை ஆராயும்.

1968 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், மேற்கு ஜேர்மனியின் கார்மிஷ் என்னும் ஊரில் வட அத்திலாந்திக் ஒப்பந்த அமைப்பின் ஆதரவிற் கூடிய மாநாடே மென்பொருட் பொறியியல் என்னும் பெயரை உலகறியச் செய்தது. அக்காலத்துப் பெருஞ் செய்நிரல்கள் குறித்த நாளில் முடிவதில்லை; மதிப்பிட்ட செலவில் அடங்குவதில்லை; முடிந்தபின்னும் வழுக்கள் மலிந்து கிடந்தன. ஆகவே, பாலம் கட்டுவோரும் இயந்திரம் அமைப்போரும் கைக்கொள்ளும் ஒழுங்கை இங்கும் கொணர்தல் வேண்டும் என்று அறிஞர் கருதினர். பெயர் எளிதில் நிலைபெற்றது. பொருள் அத்துணை எளிதில் வந்து சேரவில்லை. பாலம் கட்டுவோன் உருக்குக் கம்பி எவ்வளவு பாரம் தாங்கும் என்பதைப் பிறர் இழுத்தும் முறித்தும் கண்டு எழுதிவைத்த அட்டவணையிலிருந்து எடுத்துக்கொள்கின்றான். மென்பொருள் ஆக்குவோனுக்கு அத்தகைய அட்டவணை இருக்கவில்லை. அவனுக்குக் கிடைத்தவை பெரும்பாலும் உரைகளே: இவ்வாறு எழுதுக, இம்மொழியைக் கைக்கொள்க, இம்முறையை விடுக என்பன. கூறியோர் ஆற்றல் மிக்கவர் என்பதில் ஐயமில்லை. கூறியது எல்லா இடத்தும் பொருந்துமோ என்பதே கேள்வி.

ஈண்டு ஒரு சொல்லைப் பற்றிக் கூறுதல் தகும். நேரே கண்டும் எண்ணியும் செய்யும் ஆராய்ச்சியைத் தமிழிற் சிலர் அனுபவ ஆய்வு என மொழிபெயர்ப்பர். அது மயக்கந் தருவது. ஒருவர் இருபது ஆண்டு தொழில் செய்து பெற்றதும் அனுபவமே. ஆனால் அதுவும் இவ்வாராய்ச்சியும் ஒன்றல்ல. முன்னையதில் நினைவு தான் விரும்பியதையே பெரிதும் வைத்துக்கொள்ளும். பின்னையதில் ஏடு யாவற்றையும் வைத்துக்கொள்ளும். ஆதலின் இக்கட்டுரையிற் காண்டல்வழி ஆராய்ச்சி என்னும் தொடரே ஆளப்படுகின்றது.

இவ்வாராய்ச்சியின் அடிப்படையை வன்னி மாணவர் வயலிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம். ஜெயபுரத்தில் அடுத்தடுத்த வயலுடையார் இருவர் காலபோகத்தில் இருவேறு நெல்லினத்தை விதைக்கின்றனர் என்று கொள்வோம். ஒருவர்க்கு ஏக்கருக்குப் பத்துப் புசல் மிகுதியாக விளைகின்றது. அவர் விதைத்த இனமே சிறந்தது என்று ஊரவர் பேசுவர். ஆனால் அவருடைய நிலம் பள்ளமாகவும் மற்றவருடையது மேடாகவும் இருக்கலாம்; அவர் உரிய நாளிற் பசளை இட்டிருக்கலாம்; அவருடைய வேலி செம்மையாக இருந்தமையால் மாடு புகாதிருக்கலாம். இவற்றுள் எது விளைவுக்குக் காரணம் என்பதை ஒரு போகத்து ஒப்பீட்டினால் எவரும் கூறவியலாது. 1919 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் றொதாம்ஸ்ரெட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்திற் சேர்ந்த றொனால்ட் பிஷர் இச்சிக்கலுக்கு வழி கண்டார். ஒரே வயலைப் பல பாத்திகளாகப் பிரித்து, எந்தப் பாத்திக்கு எந்த இனம் என்பதை ஆராய்வோன் விருப்பத்திற்கு விடாது எழுமாறாகத் தெரிந்து, ஒவ்வோர் இனத்தையும் பல பாத்திகளில் மீளவும் மீளவும் விதைத்துப் பார்த்தல் வேண்டும் என்றார். மண்ணின் வேறுபாடு அப்போது இரு பக்கத்திலும் ஏறத்தாழ ஒப்பப் பரவிவிடும். எஞ்சி நிற்கும் வேறுபாடு தற்செயலால் விளையக்கூடிய அளவோ, அதனினும் மிக்கதோ என்பதைக் கணிதம் கூறும். பரிசோதனை அமைப்புப் பற்றிய அவருடைய நூல் 1935 இல் வெளிவந்தது.

வயலுக்குப் பொருந்திய இம்முறை மென்பொருளுக்குப் பொருந்துமோ? பொருந்தும், ஆனால் இடையூறுகள் உள. முதலாவது, மண்ணிலும் மனிதர் வேறுபாடு மிகுந்தவர். இரண்டாவது, நெல்லுக்கு எம்முறையால் தான் வளர்க்கப்படுகின்றது என்பது தெரியாது, நிரலாளருக்குத் தெரியும், தம்மை ஒருவர் அளக்கின்றார் என்று அறிந்தவுடன் அவர் நடையே மாறிவிடும். மூன்றாவது, பெரியதொரு மென்பொருளை ஆயிரம் பேர் ஐந்தாண்டு உழைத்து ஆக்குகின்றனர். முறையை மாற்றி அதனையே இன்னொரு முறை ஆக்கிப் பார்க்கும் செலவை எவரும் ஏற்கமாட்டார். இம்மூன்றனுள் மூன்றாவதே பெரிய இடையூறு. சிறு செய்நிரல்களைக் கொண்டு கட்டுப்பாடான பரிசோதனை செய்தல், ஆக்கி முடித்த பெரு மென்பொருள்களின் பதிவுகளைத் தோண்டி ஆராய்தல் என இத்துறை இரண்டு வழிகளிற் பிரிந்து சென்றமைக்குக் காரணம் அதுவே.

முதல் வழிக்கு நல்லதோர் உதாரணம் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்து விக்ரர் பசிலி, றிச்சாட் செல்பி என்போர் 1987 இல் வெளியிட்ட பரிசோதனை. பசிலி 1976 முதல் அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசாவின் கொடாட் நிலையத்தோடு கூடி மென்பொருட் பொறியியல் ஆய்வுகூடம் ஒன்றை நடத்தியவர். இத்துறையின் தந்தையருள் ஒருவர் எனலாம். அவர்கள் எடுத்துக்கொண்ட வினா எளியது. செய்நிரலில் உள்ள வழுவைக் கண்டுபிடிக்க எது சிறந்தது: நிரலை வரிவரியாக வாசித்தலா, உள்ளே பாராது வேண்டுகோட்படி இயங்குகின்றதா எனச் சோதித்தலா, நிரலின் எல்லாக் கூற்றுகளும் ஒருமுறையேனும் இயங்குமாறு சோதித்தலா? தொழில்முறை நிரலாளரும் உயர்வகுப்பு மாணவருமாக 74 பேர் பங்குபற்றினர். ஒவ்வொருவரும் மூன்று முறைகளையும் வெவ்வேறு செய்நிரல்களிற் கையாண்டனர். எவர் வல்லவர், எவர் மெலியர் என்னும் வேறுபாடு ஒரு முறையின் தலையில் மட்டும் விழாதவாறு அமைத்தமை பிஷரின் பாத்திகளை நினைவூட்டும். தொழில்முறை நிரலாளரிடத்து, கணினியைத் தொடாது கண்ணால் வாசித்தலே மிகுதியான வழுக்களைக் கண்டது. மாணவரிடத்து அம்மேம்பாடு அவ்வாறு தெளிவாகத் தோன்றவில்லை. முடிவின் இவ்விரண்டாம் பகுதியும் முதற் பகுதியளவு பயனுடையது. மாணவரைக் கொண்டு நிறுவியதைத் தொழில்செய்வோர் மேல் ஏற்றிக் கூறுவது தகாது என்னும் எச்சரிக்கை அதில் அடங்கியிருக்கின்றது.

பரிசோதனை செய்தாற் போதாது, அதனைச் சரிவர வாசித்தலும் வேண்டும் என்பதற்கு இன்னொன்று சான்றாகும். 1968 இல் சக்மன், எரிக்சன், கிறான்ற் என்னும் மூவர், கணினியோடு நேரே தொடர்புகொண்டு வழு களைதலையும் அங்ஙனமன்றி வேலையைக் கையளித்துக் காத்திருத்தலையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வு வெளியிட்டனர். கைதேர்ந்த நிரலாளர் பன்னிருவரைப் பற்றிய பகுதியில், மிக விரைந்தவருக்கும் மிகத் தாழ்ந்தவருக்கும் இடையே வழு களையும் நேரம் 28 மடங்கு வேறுபட்டது என ஓர் எண் காணப்பட்டது. ஆய்வின் உண்மையான நோக்கம் மறக்கப்பட்டு, அந்த 28 மட்டும் நூலிலிருந்து நூலுக்குத் தாவிற்று. நிறுவனங்கள் சில நிரலாளரைத் தெய்வமாகவும் வேறு சிலரைச் சுமையாகவும் கருதுவதற்கு அது ஆதாரமாயிற்று. 1999 இல் லுட்ஸ் பிறெஷெல்ற் என்னும் ஜேர்மானிய அறிஞர், வேறுபட்ட நிலைமைகளில் வேலைசெய்தோரை ஒன்றாகக் கலந்து பெற்ற எண் அது என்றும், உண்மையான வேறுபாடு அதனினும் மிகக் குறைவு என்றும் எடுத்துக்காட்டினார். காண்டலாகத் தோன்றியது முப்பது ஆண்டுகளில் உரையாக இறுகிவிட்ட கதை இது. எண்ணைக் கண்டவுடன் தலைவணங்கும் பழக்கம், பெயரைக் கண்டவுடன் தலைவணங்கும் பழக்கத்தினும் சிறந்ததன்று.

இனி இரண்டாம் வழிக்கு வருவோம். இவ்வழியிற் சிறந்து விளங்கியோருள் நம்மவர்க்கு அணுக்கமான தமிழ்ப் பெயர் ஒன்று உண்டு. அவர் நாச்சியப்பன் நாகப்பன். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்று, மைக்கிரோசொப்ற் நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவில் இணைந்தவர். பெருமென்பொருளை மீள ஆக்கிப் பார்க்க இயலாதெனினும், அதனை ஆக்கிய காலத்துப் பதிவுகள் அழிவதில்லை. எந்தக் கோப்பை எவர் எந்நாளில் மாற்றினார், எத்தனை வரி சேர்த்தார், விற்பனைக்குப் பின் எப்பகுதியில் வழு தோன்றிற்று என்பன யாவும் இயந்திரத்தில் தாமே பதிந்து கிடக்கின்றன. கல்வெட்டைக் கொண்டு வரலாறு எழுதுவது போல இவற்றைக் கொண்டு மென்பொருளின் வரலாற்றை எழுதலாம். கல்வெட்டு ஆராய்ச்சிக்கும் இதற்கும் ஒரு வேற்றுமை: கல்வெட்டுகள் ஒருசில, இவை கோடிக்கணக்கானவை.

நாகப்பன், பிறெண்டன் மேர்பி, முற்கூறிய பசிலி ஆகிய மூவரும் 2008 இல் வெளியிட்ட ஆய்வு பெரும் வியப்பை விளைத்தது. வின்டோஸ் விஸ்ரா என்னும் இயக்க மென்பொருள் ஐந்து கோடி வரிகளுக்கு மேற்பட்டது. அதன் பல்லாயிரம் பகுதிகளுள் எவை விற்பனைக்குப் பின் பழுதாகும் என்பதை முன்கூட்டியே சொல்ல முடியுமா என்பது வினா. வழக்கமாக இத்தகைய முன்னறிவிப்பை நிரலின் சிக்கற்பாடு, மாற்றங்களின் தொகை முதலியவற்றைக் கொண்டே செய்வர். இம்மூவரோ நிரலை விட்டு, அதனை எழுதிய மனிதரை நோக்கினர். ஒரு பகுதியில் எத்தனை பேர் கைவைத்தனர்; அவருள் எத்தனை பேர் வேலையை விட்டு நீங்கினர்; அவர்கள் ஒரே மேலாளரின் கீழ் இருந்தனரா, நிறுவனத்தின் தூரத்துக் கிளைகளிலிருந்து வந்தனரா; அப்பகுதிக்குப் பொறுப்பாளர் அதிகார ஏணியில் எவ்வளவு உயரத்தில் இருந்தார் என்பவற்றை எண்களாக்கினர். பழுதாகும் என்று இம்முறை சுட்டிய பகுதிகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ 86 உண்மையிலேயே பழுதாயின. பழுதான பகுதிகளுள் நூற்றுக்கு 84 ஐ இது முன்னரே சுட்டியிருந்தது. நிரலை அளந்து செய்த வேறு முன்னறிவிப்புகள் எவையும் இதனை எட்டவில்லை.

இம்முடிவின் பொருளை உணர்தற்கு நாற்பது ஆண்டு பின்னோக்கிச் செல்லல் வேண்டும். 1968 இல் மெல்வின் கொன்வே என்பார், ஒரு நிறுவனம் ஆக்கும் பொருளின் அமைப்பு அந்நிறுவனத்தினுள் மனிதர் ஒருவரோடொருவர் தொடர்புகொள்ளும் அமைப்பையே ஒத்திருக்கும் என்று எழுதினார். அக்கூற்று நாற்பது ஆண்டு காலம் பலராலும் எடுத்தோதப்பட்டது. அது கருதலளவையாற் பெறப்பட்ட கூர்மையான கருத்து. ஆயினும் எவ்வளவு உண்மை, எவ்விடத்து உண்மை என்பது நெடுங்காலம் அளக்கப்படாதிருந்தது. பழைய உரையைக் காண்டல் எப்போதும் இடிப்பதில்லை. சில போது தாங்கியும் நிற்கும் என்பதற்கு இது சான்று.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஒரு நிறுவனத்தின் ஒரு பொருளிற் கண்டதை எல்லாவற்றுக்கும் விதியாக்குதல் ஆகாது. இதனை வேறெவரினும் நாகப்பனே நன்கு காட்டியிருக்கின்றார். 2006 இல் அவர் தோமஸ் போல், அன்ட்றியாஸ் செல்லர் என்போரோடு கூடி மைக்கிரோசொப்ற்றின் ஐந்து மென்பொருள்களை ஆராய்ந்தபோது, ஒவ்வொன்றிலும் பழுதோடு தொடர்புடைய சிக்கல் அளவீடுகள் கிடைத்தன. ஆனால் ஐந்துக்கும் பொதுவான அளவீட்டுத் தொகுதி ஒன்று கிடைக்கவில்லை. ஒரே கூரையின் கீழ் ஆக்கப்பட்ட ஐந்துக்கே பொது விதி இல்லையெனின், றெட்மண்ட் நகரத்து விதியைக் கிளிநொச்சியில் நால்வர் நடத்தும் சிறு நிலையத்துக்கு அப்படியே பொருத்துவது எங்ஙனம் தகும்?

நம் நாட்டவர்க்கும் தமிழ்நாட்டவர்க்கும் நேரே பயன்படும் வினா ஒன்று உண்டு. ஒரு மென்பொருளின் ஒரு பகுதியை ஒரு தேசத்திலும் மற்றொரு பகுதியை வேறு தேசத்திலும் இருந்து எழுதினால் தரம் குறையும் என்பது மேலைநாட்டில் நெடுங்காலம் நிலவிய எண்ணம். கொழும்பிலும் சென்னையிலும் இருந்து பிறநாட்டு வேலை செய்யும் பல்லாயிரவரின் ஊதியம் இவ்வெண்ணத்தைப் பொறுத்தது. 2009 இல் கிறிஸ்ரியன் பேர்ட், நாகப்பன், பிறேம் தேவன்பு முதலிய ஐவர் விஸ்ராவின் பதிவுகளைக் கொண்டே இதனைச் சோதித்தனர். ஒரே கட்டடத்தில் இருந்தோர் எழுதிய பகுதிகளையும், வெவ்வேறு கண்டங்களில் இருந்தோர் கூடி எழுதிய பகுதிகளையும் பழுதுகளின் தொகையால் ஒப்பிட்டனர். வேறுபாடு மிகச் சிறிது. பகுதியில் உழைத்தோரின் தொகையைக் கணக்கில் எடுத்தவுடன் அச்சிறிதும் பெரும்பாலும் மறைந்தது. முன்னைய ஆய்வோடு இதனைச் சேர்த்து நோக்கின், கடல் பிரிப்பதைக் காட்டிலும் அதிகார ஏணி பிரிப்பதே மென்பொருளுக்குக் கேடு என்று கருத இடமுண்டு. இது என் கருத்து. விஸ்ராவுக்கு அப்பால் அதனை இழுத்துச் செல்ல யான் துணியேன்.

நாடுகளை ஒப்பிட்ட ஆய்வு ஒன்றும் உண்டு. மைக்கல் குசுமானோவும் அவரோடு சேர்ந்தோரும் 2003 இல் இந்தியா, யப்பான், ஐக்கிய அமெரிக்கா, ஐரோப்பா முதலிய இடங்களின் 104 ஆக்கத் திட்டங்களை ஆராய்ந்து வெளியிட்டனர். கையளித்த பின் பன்னிரு மாதத்தில் வாடிக்கையாளர் கண்ட வழுக்கள், ஆயிரம் வரிக்கு இடைநிலைக் கணக்கில், இந்தியத் திட்டங்களில் 0.263, அமெரிக்கத் திட்டங்களில் 0.400; யப்பானியத் திட்டங்களில் 0.020. இதைக் கண்டு நெஞ்சு நிமிர்த்தவோ குனியவோ வேண்டா. இந்தியத் திட்டங்கள் 24 மட்டுமே. அவை எழுமாறாகத் தெரிந்தெடுக்கப்பட்டவையும் அல்ல. ஒவ்வொரு நாட்டிலும் ஆக்கிய பொருள்களின் இயல்பும் வேறு. வயலுவமையிற் கூறுவதாயின், நெல்லையும் எள்ளையும் ஒரே கொத்தால் அளந்ததற்கு ஒப்பாகும். ஆயினும் அக்காலத்திற் பலர் வெறும் அபிப்பிராயத்தால் வழக்காடியதற்கு, இவ்வளவேனும் எண்ணிப் பார்த்தமை மேலானது.

முறைகளைப் பற்றிய வாதங்களுள் மிகச் சூடானது, நிரலை எழுதுமுன் அதற்குரிய சோதனையை எழுதுக என்னும் கொள்கை பற்றியது. இதனைச் சோதனைமுதல் ஆக்கம் எனலாம். நாகப்பனும் அவருடைய ஆசிரியை லோறி வில்லியம்சும் வேறிருவரும் 2008 இல் மைக்கிரோசொப்ற்றின் மூன்று குழுக்களையும் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஒரு குழுவையும் ஆராய்ந்தனர். இம்முறையைக் கைக்கொண்ட குழுக்களில், ஒத்த தன்மையுடைய பிற குழுக்களைக் காட்டிலும், வெளியீட்டுக்கு முன் காணப்பட்ட வழுக்களின் செறிவு 40 முதல் 90 வீதம் வரை குறைந்திருந்தது. மேலாளரின் மதிப்பீட்டின்படி, தொடக்க ஆக்கத்துக்கு 15 முதல் 35 வீதம் வரை நேரம் மிகுந்தது. கொள்கையினர் களிகூர்ந்தனர். ஆனால் குழுக்கள் எழுமாறாகத் தெரியப்படாதவை. சோதனையை முதலில் எழுதுவோர் பொதுவாகவே கவனமிக்கவராய் இருந்திருக்கலாம்.

டாவிடே புச்சியும் அவருடைய குழுவினரும் 2017 இல் வெளியிட்ட ஆய்வு இம்முறையைக் கூறுபடுத்தி நோக்கிற்று. தொழில்முறை நிரலாளர் 39 பேரின் வேலையை அணுவணுவாகப் பதிந்து பார்த்தபோது, சோதனையை முன்னே எழுதுவதோ பின்னே எழுதுவதோ தரத்தைப் பெரிதும் மாற்றவில்லை. வேலையைச் சிறுசிறு படிகளாக, ஒரே சீராகச் செய்தமையே நன்மையோடு தொடர்புற்றது. எனவே, முறை நன்று. ஆனால் அது நன்றாவதற்குக் கூறப்பட்ட காரணம் வேறு. வயலில் விளைவுக்குக் காரணம் இனமா பசளையா என்று பிரித்தறிந்ததற்கு இது நிகராகும். பிரித்தறிந்தபின் உழவன் வேண்டாத செலவை விட்டுவிடலாம் அன்றோ?

இவ்வளவும் எழுதி வெளியிட்ட பின் நிரலாளர் இவற்றை ஏற்றுக்கொண்டனரா? சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற் பயின்று கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராகிய பிறேம் தேவன்பு, சிம்மர்மான், பேர்ட் என்போரோடு சேர்ந்து 2016 இல் இதனையே ஆராய்ந்தார். மைக்கிரோசொப்ற் நிரலாளர் 564 பேரிடம் அவர்கள் எவற்றை நம்புகின்றனர், ஏன் நம்புகின்றனர் என்று வினாவப்பட்டது. நம்பிக்கைகளுக்குப் பெரும்பாலும் ஊற்று அவரவர் சொந்த அனுபவமே. ஆராய்ச்சிக் கட்டுரை மிகப் பின்னே நின்றது. அம்மட்டோ! அவர்கள் உழைத்த திட்டங்களின் பதிவுகளையே எடுத்து நோக்கியபோது, நம்பிக்கை ஒருபுறமும் பதிவு கூறுவது மறுபுறமுமாக நின்ற இடமும் உண்டு. நாள்தோறும் கண்முன் நிகழ்வதையே மனிதர் பிழையாகக் காணலாம் என்பது காண்டலளவைக்கு நம் தருக்க நூலார் ஐயக்காட்சி, திரிவுக்காட்சி என்னும் குற்றங்களைக் கூறியதன் பொருளை விளக்கும்.

திரிவுக்காட்சி ஆராய்வோரையும் விட்டுவைப்பதில்லை. பைஷாகி ராயும் தேவன்புவும் வேறிருவரும் 2014 இல், கிற்ஹப் என்னும் பொதுக் களஞ்சியத்திலுள்ள 729 திட்டங்களை ஆராய்ந்து, 17 செய்நிரல் மொழிகளுள் எவற்றில் வழு மிகுதி, எவற்றிற் குறைவு என்று வெளியிட்டனர். மொழியின் செல்வாக்கு உண்டு, ஆனால் சிறிதே என்பது அவர்கள் முடிவு. "சிறிதே" என்னும் சொல்லைப் பலர் வாசிக்கவில்லை. தத்தம் மொழியைப் போற்றுதற்கும் பிறர் மொழியைத் தூற்றுதற்கும் அக்கட்டுரை ஆயுதமாயிற்று. எமறி பேர்ஜர், யான் விற்றெக் முதலியோர் அதே தரவுகளை எடுத்து மீளாய்வு செய்து 2019 இல் வெளியிட்டனர். தரவுகளிற் புகுந்திருந்த குறைகள் வியப்பானவை. ரைப்ஸ்கிறிப்ற் என்னும் மொழியின் கோப்புகள் ஒரு குறித்த பின்னொட்டைப் பெறும். அதே பின்னொட்டை, திரையிலுள்ள சொற்களைப் பிறமொழியிற் பெயர்த்து வைக்கும் கோப்புகளும் பெறுவதுண்டு. பிற்கொயின் முதலிய திட்டங்களிலிருந்த அத்தகைய மொழிபெயர்ப்புக் கோப்புகள், ரைப்ஸ்கிறிப்ற் நிரல்களாக எண்ணப்பட்டிருந்தன. அம்மொழி 2012 இல் வெளிவந்தது. தரவிலோ அதற்குப் பல ஆண்டு முந்திய பதிவுகளும் அம்மொழியின் பெயரில் இருந்தன! மேலும், வழுத் திருத்தம் என்று இயந்திரம் குறித்த மாற்றங்களுட் பல வழுத் திருத்தமே அல்ல என்பது கையால் வாசித்தபோது புலனாயிற்று. களைய வேண்டியவற்றைக் களைந்து கணித்தபோது, வழுவோடு தொடர்புடையனவாக முன்னர்க் கூறப்பட்ட 11 மொழிகள் 4 ஆகக் குறைந்தன. அந்நான்கிலும் வேறுபாடு மிக மிகச் சிறியது. முதல் ஆசிரியர்கள் மறுப்புரை எழுதினர், வாதம் நிகழ்ந்தது.

இதனைக் கண்டு, ஆராய்ச்சியே வீண் என்று கூறுவாரும் உளர். அவர் கருத்து எனக்கு உடன்பாடன்று. மூலத் தரவு வெளியே வைக்கப்பட்டிருந்தமையாலேயே பிறர் அதனைச் சோதிக்க முடிந்தது. பேச்சாளர் ஒருவர் மேடையிலேறி, இம்மொழியே சிறந்தது என்று கூறின், அதனை மீளாய்வு செய்வதற்கு எதனைக் கையிலெடுப்பது? உரைக்கும் காண்டலுக்கும் உள்ள வேற்றுமை, ஒன்று பிழைக்கும் மற்றொன்று பிழையாது என்பதன்று. காண்டல் பிழைத்தால் எவ்விடத்திற் பிழைத்தது என்று சுட்டலாம். 2004 இல் பாபறா கிச்சன்ஹாமும் உடன் எழுதியோரும், மருத்துவரைப் போல மென்பொருட் பொறியியலாரும் ஒரு வினாவுக்குக் கிடைக்கும் ஆய்வுகள் யாவற்றையும் தேடித் தொகுத்து, தரம் பிரித்து, அதன்பின்னரே முடிவு கூறல் வேண்டும் என்றனர். தனியொரு கட்டுரையை நம்பித் தலைகீழாக விழாதிருத்தற்கு அதுவே வழி.

தொழில் செய்வோர் கூறும் வேறொரு தடை நியாயமானது. நாளை வேலையை முடித்துக் கொடுக்க வேண்டியவன் பத்தாண்டு ஆராய்ச்சியின் முடிவுக்குக் காத்திருக்க இயலுமா என்பர். இயலாது. அவன் தன் அனுபவத்தாலும் பிறர் உரையாலுமே துணிதல் வேண்டும். ஆயினும் துணிந்தபின் நேர்ந்ததைக் குறித்துவைப்பதற்குப் பத்தாண்டு வேண்டா. நாளொன்றுக்குப் பத்து நிமிடம் போதும்.

இனி நம் பகுதிக்கு வருவோம். வன்னியிற் போருக்குப் பின் வளர்ந்த தலைமுறைக்கு மென்பொருள் ஒரு புதிய வாயிலாகத் திறந்திருக்கின்றது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் 2014 முதல் கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்குகின்றது. கணினிப் பொறியியல் அங்கே கற்பிக்கப்படுகின்றது. வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. இப்பீடங்களுக்குப் புகாத மாணவரும் பலர் தனியார் வகுப்புகளில் இத்துறையைக் கற்க முற்படுகின்றனர். இன்ன மொழியைக் கற்றால் வேலை உறுதி, இன்ன முறையை அறியாதவன் நிரலாளனே அல்லன் என்னும் விளம்பரங்களை நம்பி, வயலை ஈடுவைத்துக் கட்டணம் செலுத்தும் பெற்றோர்க்கு இவ்வாராய்ச்சி வெறும் புலமைப் பொழுதுபோக்கு அன்று. மொழிக்கு மொழி தர வேறுபாடு மிகச் சிறிது என்னும் மேற்கூறிய முடிவு ஒன்றே, ஒரு மொழியை நன்கு கற்ற மாணவன் அடுத்த விளம்பரத்துக்கு அஞ்சி அதனைக் கைவிட வேண்டியதில்லை என்று எண்ணப் போதிய காரணம் தருகின்றது.

ஆனால் பிறர் நாட்டு முடிவை வாசித்தல் மட்டும் போதுமா? அவற்றுட் பெரும்பாலானவை ஆயிரம் பேர் உழைக்கும் நிறுவனங்களில் எடுக்கப்பட்டவை. மின்சாரம் இடையறும், இணையம் தளரும், மூவர் நால்வர் மட்டும் உழைக்கும் இடத்தில் என்ன நிகழும் என்பதை அவை கூறா. அதனை இங்கிருப்போரே எண்ணிக் காணல் வேண்டும். இதற்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. நால்வர் சேர்ந்து ஒரு தவணையிற் செய்யும் பயிற்சித் திட்டம் ஒன்றே களமாகும். திட்டத்தின் பகுதிகள் இருபது எனின், நாணயத்தைச் சுண்டி அவற்றிற் பத்தைத் தெரிந்து, அப்பத்தை மட்டும் எழுதாத ஒருவர் வரிவரியாக வாசித்தல் வேண்டும். எஞ்சிய பத்தை வழக்கம்போலச் சோதனைக்கு விடலாம். எழுதியவர் தமக்கு விருப்பமான பகுதியைத் தெரிதல் ஆகாது. நாணயமே தெரிதல் வேண்டும். ஒவ்வொரு வழுவுக்கும் கண்ட நாள், கண்டவர், புகுந்த பகுதி, திருத்தச் சென்ற நேரம் என்னும் நான்கை ஓர் ஏட்டில் எழுதவேண்டும். வாசிக்கச் சென்ற நேரத்தையும் மறவாது எழுதவேண்டும், அதுவும் செலவாதலின். வழு என்பது யாது என்பதை முதல் நாளிலேயே வரையறுத்து எழுதிக்கொள்ளாவிடின் இறுதியில் வாதமே மிஞ்சும்.

ஒரு குழுவின் ஏட்டினால் ஒன்றும் துணிய முடியாது. வகுப்பில் ஆறு குழு இருப்பின், ஐந்து ஆண்டுகளில் முப்பது குழுக்களின் ஏடுகள் சேரும். பகுதிகளின் தொகை அறுநூறாகும். 1987 இன் பரிசோதனையில் மாணவரிடத்துத் தெளிவுபடாதிருந்த வினாவை, வாசித்தல் சிறந்ததோ சோதித்தல் சிறந்ததோ என்பதை, இங்குள்ள மாணவர் அளவில் மீள நோக்குதற்கு அது போதிய தொகை. ஏடுகளை ஆண்டுதோறும் ஒரே படிவத்திற் காத்துவைப்பதற்கு ஓர் ஆசிரியர் பொறுப்பேற்றல் வேண்டும். இத்தகைய முயற்சிகள் பெரும்பாலும் நின்றுபோவது அவ்விடத்திலேயே.